போர் முடிந்தும் உறங்காத வெடிகள்

கோலா கங்சார் வட்டாரத்தில் பேரா ஆற்றை ஒட்டி டுரியான் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் கன்று நடக் குழி தோண்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மண்வெட்டியில் 'டங்' என்று இரும்பு தட்டுகிறது. தோண்டிப் பார்த்தால் துருப்பிடித்த, ஒரு முழ நீளமுள்ள உருளை. முனை மட்டும் கூம்பாக இருக்கிறது. அவர் என்ன செய்வார்? பெரும்பாலானவர்கள் செய்வதைத்தான் செய்வார். ஆற்று நீரில் கழுவி, தோளில் வைத்து வீட்டுக்குக் கொண்டு வருவார். பிள்ளைகள் சுற்றி நின்று பார்ப்பார்கள். பழைய இரும்புக் கடைக்காரர் என்ன விலை தருவார் என்று பேச்சு நடக்கும்.

அந்த உருளை பீரங்கிக் குண்டாக இருந்தால், எண்பது ஆண்டுகளுக்கு முன் அதற்கு இட்ட வேலையை அது இன்னும் செய்து முடிக்கவில்லை என்று பொருள்.

நம் நாட்டில் ஏது குண்டு, ஏது கண்ணிவெடி என்று கேட்பவர்கள் உண்டு. 1941 டிசம்பர் மாதக் கடைசியில் ஜப்பானியப் படை வடக்கிலிருந்து இறங்கி வந்த பாதையில் கோலா கங்சாரும் இருந்தது. பின்வாங்கிய பிரிட்டிஷ் இந்தியப் படை பேரா ஆற்றைக் கடந்து தெற்கே போனது. பாலங்களைத் தகர்த்தது. டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை கம்பாரில் கடும் சண்டை. அதன்பின் 1948 ஜூன் 16-ஆம் தேதி, இதே கோலா கங்சார் மாவட்டத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவசரகாலம் பிறந்தது அங்கேதான். பன்னிரண்டு ஆண்டு நீடித்த அந்தக் காலத்தில் காட்டுக்குள் விமானங்கள் குண்டு வீசின. வீசிய எல்லாமே வெடித்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இன்றைக்கும் நம் நாட்டில் கட்டுமானத் தளத்திலோ, ஆற்றுப் படுகையிலோ பழைய குண்டு கிடைத்ததாகவும், போலீஸ் வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவினர் வந்து அதை அழித்ததாகவும் அவ்வப்போது சிறு செய்தி வருகிறது. படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம்.

பழையது, துருப்பிடித்தது, ஆகவே ஆபத்தில்லை என்ற நினைப்பு தலைகீழானது. துருப்பிடிப்பது வெளிக்கூடு மட்டுமே. உள்ளே இருக்கும் டி.என்.டி. போன்ற வெடிமருந்து பல பத்தாண்டுகள் கெடாமல் இருக்கும். ஜப்பானியக் குண்டுகள் பலவற்றில் பிக்ரிக் அமிலம் பயன்பட்டது. அது ஈரத்தில் உலோகத்தோடு சேர்ந்தால் சில வகை உப்புகளாக மாறும். அந்த உப்புகள் இலேசான தட்டலுக்கே வெடிக்கக் கூடியவை. போட்ட நாளில் வெடிக்காத குண்டு, கழுவித் தேய்க்கும் நாளில் வெடிப்பது இப்படித்தான். கண்டெடுத்தவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: தொடாமல், நகர்த்தாமல், இடத்துக்கு ஓர் அடையாளம் மட்டும் வைத்துவிட்டு விலகி வந்து 999-க்குக் கூப்பிட வேண்டும்.

மிதிவெடி வேறு, வெடிக்காத குண்டு வேறு

இந்த இரண்டையும் பலர் குழப்பிக் கொள்கிறார்கள். வெடிக்காத குண்டு என்பது வெடிக்க வேண்டிய நேரத்தில் தவறிப்போன ஒன்று. கண்ணிவெடியோ, காத்திருப்பதற்காகவே செய்யப்பட்டது. எதிரிச் சிப்பாய் வரும்வரை மண்ணுக்கடியில் கிடக்கும். சண்டை முடிந்துவிட்டது, அமைதி ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது என்று அதற்கு யார் போய்ச் சொல்வது? விறகு பொறுக்க வரும் பெண்ணின் காலுக்கும் சிப்பாயின் காலுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. ஒரு சிறு பிள்ளையின் எடை போதும், அமுங்கிவிடும்.

இலங்கைத் தமிழர்கள் இதை 'மிதிவெடி' என்பார்கள். இதைவிடப் பொருத்தமான சொல் இருக்க முடியாது. கால் வைப்பவரைக் கொல்வதைவிட, காலை எடுப்பதே இதன் நோக்கம் என்பது பலருக்குத் தெரியாது. ஒரு சிப்பாய் இறந்தால் படைக்கு ஓர் ஆள் நட்டம். காலை இழந்து அலறினால், அவனைத் தூக்கிச் செல்ல இன்னும் இரண்டு மூன்று பேர் வேண்டும், மருத்துவர் வேண்டும், மருந்து வேண்டும். இப்படிக் கணக்குப் போட்டே இதைச் செய்திருக்கிறார்கள். மனிதன் யோசித்த கொடுமைகளில் இது ஒரு தனி ரகம்.

நம் பேரா மாநிலத்துக்கே இந்தக் கொடுமை தெரியும். 1968-க்குப் பின் கம்யூனிஸ்டுகளின் இரண்டாவது கிளர்ச்சி நடந்தபோது, கெரிக் பகுதிக் காடுகளிலும் தாய்லாந்து எல்லையிலும் மறைவெடிகள் புதைக்கப்பட்டன. 'ஜெராங்காப் சாமார்' என்று முன்னாள் ராணுவ வீரர்கள் சொல்வார்களே, அதுதான். ரோந்து போன நம் வீரர்கள் பலர் அதில் கால் இழந்தார்கள். 1982-இல் திறக்கப்பட்ட கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை அந்த அச்சத்தின் நடுவேதான் போடப்பட்டது. இன்று அந்தச் சாலையில் காரில் போகிறவர்கள் பெலும் காட்டின் அழகைப் பார்த்துப் படம் எடுக்கிறார்கள். 1989 டிசம்பர் 2-இல் ஹாட்ஞாயில் உடன்படிக்கை ஏற்பட்டது. கம்யூனிஸ்டுகள் ஆயுதங்களையும் வெடிப்பொருட்களையும் அழிக்க ஒப்புக்கொண்டார்கள். அப்படி ஒரு முடிவு வராமல் போன நாடுகளின் கதிதான் பாவம்.

அரசாங்கங்கள் செய்யாததைச் செய்தவர்கள்

புதைத்தது ராணுவம் என்றால் எடுக்க வேண்டியதும் ராணுவம்தானே? நியாயமான கேள்வி. ஆனால் ராணுவம் வெடி அகற்றுவது தன் படை போகும் பாதைக்காக. ஒரு பாதை கிடைத்தால் போதும். விவசாயிக்கோ முழு வயலும் வேண்டும், ஓர் அடி விடாமல். இந்த இடைவெளியில்தான் தொண்டு அமைப்புகள் நுழைந்தன.

1982-இல் தாய்லாந்து எல்லை முகாம்களில் கால் இழந்த கம்போடிய அகதிகளைப் பார்த்த பிரெஞ்சு மருத்துவர்கள், கிடைத்த மூங்கிலையும் மரத்தையும் வைத்துச் செயற்கைக் கால் செய்யத் தொடங்கினார்கள். 'ஹேண்டிகேப் இன்டர்நேஷனல்' அமைப்பு அப்படிப் பிறந்தது. கால் செய்து கொடுக்கக் கொடுக்க, காலிழந்தவர் வரிசை குறையவில்லை. குழாயைத் திறந்து விட்டுத் தரையைத் துடைப்பது போன்ற வேலை. 1988-இல் ஆப்கானிஸ்தானில் 'ஹேலோ டிரஸ்ட்', 1989-இல் 'மேக்' எனப்படும் கண்ணிவெடி ஆலோசனைக் குழு என்று, மண்ணில் இறங்கி வெடியை எடுக்கும் பிரிட்டிஷ் தொண்டு அமைப்புகள் தோன்றின. எடுக்க எடுக்க இன்னொரு பக்கம் புதைத்துக் கொண்டிருந்தார்கள். ஆகவே 1992-இல் ஆறு அமைப்புகள் ஒன்றுகூடி, இந்த ஆயுதத்தையே உலகம் தடை செய்ய வேண்டும் என்ற அனைத்துலக இயக்கத்தைத் தொடங்கின. ஒருங்கிணைப்பாளர் ஜோடி வில்லியம்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி.

வல்லரசுகள் சிரித்தன. ஆனால் 1996 அக்டோபரில் கனடிய வெளியுறவு அமைச்சர் லாயிட் எக்ஸ்வொர்த்தி, ஓராண்டுக்குள் ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும் என்று ஒட்டாவா கூட்டத்தில் பகிரங்கமாகச் சவால் விட்டார். 1997 ஜனவரியில் இளவரசி டயானா அங்கோலாவில், ஹேலோ அமைப்பு சுத்தம் செய்துகொண்டிருந்த கண்ணிவெடி நிலத்தில் முகக்கவசத்துடன் நடந்த படம் உலகமெங்கும் வெளியானது. அதைப் பார்க்காதவர் அந்தக் காலத்தில் குறைவு. ஆகஸ்டில் அவர் இறந்தார். அக்டோபரில் அந்த இயக்கத்துக்கும் ஜோடி வில்லியம்ஸுக்கும் நோபல் அமைதிப் பரிசு அறிவிக்கப்பட்டது. டிசம்பரில் 122 நாடுகள் ஒட்டாவாவில் கையெழுத்திட்டன. 1999 மார்ச் 1-இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது.

மலேசியா முதல் நாளே, 1997 டிசம்பர் 3-ஆம் தேதியே கையெழுத்திட்டது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1999-இல் உறுதிப்படுத்தியது. தன் கையிருப்பில் இருந்த 94,000-க்கும் அதிகமான கண்ணிவெடிகளை 2001 தொடக்கத்திலேயே அழித்து முடித்தது. பயிற்சிக்கு என்று சிலவற்றை வைத்துக்கொள்ள ஒப்பந்தம் இடம் கொடுக்கிறது. மலேசியா ஒன்றுகூட வைத்துக்கொள்ளவில்லை. எதற்கெல்லாமோ மார்தட்டிக் கொள்ளும் நாம், இதைப் பேசுவதே இல்லை. அண்டை நாடான சிங்கப்பூர் இன்னும் சேரவில்லை. மியன்மார், லாவோஸ், வியட்னாமும் சேரவில்லை. அமெரிக்கா, ரஷ்யா, சீனா, இந்தியா, பாகிஸ்தான் எல்லாமே வெளியில்தான்.

முகமாலை

மலேசியத் தமிழர்களுக்கு இந்த விஷயம் மிக அருகில் வருவது இலங்கையின் வடபகுதியில். ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் வேலை பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் தைப்பிங்கிலும் ஈப்போவிலும் கோலா கங்சாரிலும் இருக்கிறார்கள். சிலருக்கு அங்கே பூர்வீகக் காணியும் இருக்கிறது. காணி இருந்தும் கால் வைக்க முடியாத காலம் ஒன்று இருந்தது. சில இடங்களில் இன்னும் இருக்கிறது.

ஏ9 நெடுஞ்சாலை யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் நுழையும் இடத்தில் பளை. தென்னந்தோப்புகளுக்குப் பேர்போன ஊர். அதை ஒட்டி முகமாலை. 2000-களில் அரசாங்கப் படையும் விடுதலைப் புலிகளும் எதிரெதிராகப் பதுங்கு குழி வெட்டிப் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்த முன்னரங்கு இது. இரு தரப்பும் வெடி புதைத்தன. ஒரு தரப்பு முன்னேறினால் புது வரிசை, பின்வாங்கினால் இன்னொரு வரிசை. இப்படி அடுக்கடுக்காகப் புதைத்து, உலகிலேயே அதிக நெருக்கமாக வெடி புதைந்த நிலங்களில் ஒன்றாக அது ஆகிவிட்டது. தலையற்ற பனைமரங்கள் நிற்கும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஊர்ப்பக்கம் எடுத்ததுதான் அவற்றில் பல.

ராணுவம் புதைத்தவற்றில் பாகிஸ்தானில் செய்த பிளாஸ்டிக் வெடிகள் உண்டு. புலிகள் புதைத்தவற்றில் அவர்களே செய்த 'ஜொனி' மிதிவெடிகள் உண்டு. ராணுவம் தன் வரைபடங்களைப் பின்னர் கொடுத்தது. அது பெரிய உதவி. மறுதரப்பில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் மிஞ்சவில்லை, வரைபடமும் பெரும்பாலும் மிஞ்சவில்லை.

2002 போர்நிறுத்தத்தின்போது ஹேலோ, மேக் ஆகிய அமைப்புகள் இலங்கைக்கு வந்தன. 2009-இல் போர் முடிந்தபோது ஏறக்குறைய மூன்று இலட்சம் மக்கள் முகாம்களில் இருந்தார்கள். வீட்டுக்குப் போகலாமா என்ற கேள்விக்குப் பதில், வீடு இருக்கும் மண்ணில் வெடி இருக்கிறதா என்பதில் இருந்தது. வெளிநாட்டு அமைப்புகளோடு டாஷ், ஷார்ப் போன்ற உள்நாட்டு அமைப்புகளும் பின்னர் சேர்ந்துகொண்டன. ராணுவத்தின் கண்ணிவெடி அகற்றும் பிரிவும் பெரும் பங்கு எடுத்தது. மட்டக்களப்பு மாவட்டம் 2017-இல் வெடியற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது.

வெடி எடுப்பவர் யார் என்று கேட்டால் நம்மவர்கள் ஆச்சரியப்படுவார்கள். வெள்ளைக்கார நிபுணர் சிலர்தான். வயலில் முழங்காலிட்டு வேலை செய்பவர்கள் உள்ளூர்த் தமிழர்கள், அவர்களில் கணிசமானோர் பெண்கள். கணவனைப் போரில் இழந்தவர்கள், வீட்டில் ஒற்றை ஆளாகச் சம்பாதிப்பவர்கள் என்று பலர். விடியுமுன் எழுந்து பால் வெட்டப் போன நம் தோட்டத்துத் தாய்மார்களை நினைத்துக்கொள்ளுங்கள். அதே விடியல், அதே அவசரம், வீட்டில் பிள்ளைக்குச் சமைத்து வைத்துவிட்டு லாரி ஏறும் அதே ஓட்டம். தோட்டத்தில் ஒரு காலையில் நானூறு ஐந்நூறு மரத்தைச் சுற்றி வந்துவிடலாம். இங்கே ஒரு நாள் முழுக்க உழைத்தால் சில சதுர மீட்டர்தான் சுத்தமாகும்.

வேலை நடக்கும் விதம் இது. ஒரு மீட்டர் அகலத்துக்குப் பாதை குறிக்கிறார்கள். முன்னால் ஒரு கோல் கிடக்கும். சுத்தமான நிலம் எதுவரை என்பதற்கு அதுதான் எல்லை. அதைத் தாண்டி முழங்கால்கூடப் போகக் கூடாது. உலோகம் காட்டும் கருவியை நிலத்துக்கு மேலே ஆட்டுவார்கள். சத்தம் வந்தால் அடையாளமிட்டு, அந்த இடத்துக்குச் சற்று முன்பிருந்து பக்கவாட்டில் மெல்ல மெல்ல மண்ணைச் சுரண்டி நெருங்குவார்கள். மேலிருந்து குத்தினால் அமுக்கும் தட்டில் பட்டுவிடும் அல்லவா? நூற்றுக்கு மிகப் பெரும்பாலான தடவை கிடைப்பது ஆணி, தோட்டாக் கூடு, தகரத் துண்டு. ஆனால் ஒவ்வோர் ஆணியையும் வெடி என்று எண்ணியே எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் வெடியில் உலோகம் ஓர் ஊசி அளவுக்குத்தான் இருக்கும். சண்டை நடந்த மண்ணில் இரும்புத் துண்டு நிறைந்து கிடப்பதால் கருவி ஓயாமல் கத்தும். அப்படிப்பட்ட இடங்களில் நீண்ட கைப்பிடி வைத்த வாரியால், குறித்த ஆழம் வரைக்கும் மண் முழுவதையும் வாரி எடுக்கும் முறை இலங்கையில் பெரிதும் பயன்படுகிறது. வெயில், கனமான கவச அங்கி, முகத்தில் தடித்த பிளாஸ்டிக் திரை. அரைமணி, முக்கால்மணிக்கு ஒருமுறை கட்டாய ஓய்வு. களைத்த கைதான் தவறு செய்யும்.

கம்போடியாவில் இதே வேலைக்கு எலிகளைப் பழக்கியிருக்கிறார்கள். கேலி இல்லை, உண்மை. 'அபோபோ' என்ற பெல்ஜிய அமைப்பு ஆப்பிரிக்காவின் பெரிய எலிகளுக்கு வெடிமருந்து வாசனையைக் கண்டுபிடிக்கப் பயிற்சி கொடுக்கிறது. வெடியை அமுக்கும் அளவுக்கு எலிக்கு எடையில்லை. இரும்புத் துண்டைப் பற்றிய கவலையும் அதற்கில்லை. மகாவா என்ற எலி தன் பணிக்காலம் முழுவதும் சேர்த்து 71 கண்ணிவெடிகளைக் கண்டுபிடித்தது; 2020-இல் பிரிட்டனில் வீரப் பதக்கமும் பெற்றது.

வெடி எடுப்பதோடு வேலை முடிவதில்லை. கால் இழந்தவருக்குக் கால் வேண்டும். யாழ்ப்பாணத்தில் 1987 முதல் இயங்கும் ஜெய்ப்பூர் மறுவாழ்வு நிலையம் இந்தப் பணியில் முன்னோடி. 1960-களின் கடைசியில் இந்தியாவின் ஜெய்ப்பூரில், ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் சேத்தியும் சேர்ந்து உருவாக்கிய ஜெய்ப்பூர் கால், வெறுங்காலோடு வயலில் நடக்கவும் சம்மணமிட்டு உட்காரவும் ஏற்றது. மேலைநாட்டுச் செயற்கைக் காலில் சப்பாத்து போடாமல் நடக்க முடியாது. நம் மக்களுக்கு அது எப்படி ஒத்துவரும்? ஆனால் செயற்கைக் கால் ஒருமுறை கொடுத்தால் ஆயுசுக்கும் போதும் என்று நினைப்பது தவறு. பெரியவருக்குச் சில ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வளரும் பிள்ளைக்கோ ஆறு மாதம், ஓராண்டில் அளவு போதாமல் போய்விடும். பத்து வயதில் கால் இழந்த பிள்ளைக்கு வளர்ச்சி முடிவதற்குள் எத்தனை கால் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மணி ஓடுகிறது

இலங்கை 2017 டிசம்பரில்தான் ஒட்டாவா ஒப்பந்தத்தில் சேர்ந்தது. சேர்ந்த நாடு பத்து ஆண்டுக்குள் தன் நிலத்தைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது விதி. இலங்கைக்கு விதித்த நாள் 2028 ஜூன் 1. எளிய நிலங்கள் முடிந்துவிட்டன. மிஞ்சியிருப்பது கடினமானது, காடு மூடியது. அதற்குள் பணம் சுருங்குகிறது. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவிகளை நிறுத்தி வைத்தபோது, உலகின் பல இடங்களில் வெடி எடுப்பவர்கள் கருவியைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போக நேர்ந்தது. புதிதாகக் கண்ணிவெடி செய்யச் சில டாலர் போதும், எடுப்பதற்கு முந்நூறு முதல் ஆயிரம் டாலர் வரை ஆகும் என்று ஐ.நா. நெடுங்காலமாகச் சொல்லி வருகிறது. இடத்துக்கு இடம் இது மாறும் என்றாலும், புதைப்பது மலிவு, எடுப்பது செலவு என்பதில் மாற்றமில்லை.

ஒப்பந்தத்துக்கே இப்போது சோதனை வந்திருக்கிறது. ரஷ்யாவுக்கு அஞ்சி எஸ்தோனியா, லாட்வியா, லிதுவேனியா, பின்லாந்து, போலந்து ஆகிய ஐந்து நாடுகள் 2025-இல் விலகல் அறிவிப்புக் கொடுத்தன. அவர்களின் அச்சம் பொய்யில்லை. ஆனால் அந்த வெடிகளையும் ஒருநாள் யாரோ முழங்காலிட்டு எடுத்தாக வேண்டும். நம் வட்டாரத்தில், 2025 ஜூலையில் கம்போடிய எல்லையில் தாய்லாந்துச் சிப்பாய்கள் கண்ணிவெடியில் கால் இழந்தார்கள். புதிதாகப் புதைத்தது என்றது தாய்லாந்து. பழைய போரின் மிச்சம் என்றது கம்போடியா. அடுத்த நாளே பீரங்கிகள் முழங்கின. ஜூலை 28-இல் புத்ராஜெயாவில் மலேசியாதான் போர்நிறுத்தம் செய்துவைத்தது. அக்டோபரில் கோலாலம்பூரில் கையெழுத்தான உடன்பாட்டில் கண்ணிவெடி அகற்றுவதும் ஓர் அம்சம். நவம்பரில் இன்னொரு வெடி, இன்னொரு கால். உடன்பாட்டைத் தாய்லாந்து நிறுத்தி வைத்தது. மண்ணுக்கடியில் கிடக்கும் ஒரு கையளவுப் பொருள் இரண்டு நாடுகளைச் சண்டைக்கு இழுத்திருக்கிறது.

2023-இல் மட்டும் கண்ணிவெடியாலும் வெடிக்காத குண்டாலும் உலகில் குறைந்தது 5,757 பேர் இறந்தார்கள் அல்லது ஊனமுற்றார்கள். நூற்றுக்கு 84 பேர் பொதுமக்கள். அதிகம் பாதிக்கப்பட்ட நாடு மியன்மார். நம் சந்தைகளிலும் கட்டுமானத் தளங்களிலும் வேலை பார்க்கும் மியன்மார்க்காரர்களின் ஊர் அது.

மலேசியத் தமிழர்கள் கொடை கொடுப்பதில் பின்வாங்குபவர்கள் அல்லர். கோயில் வாசலிலும் திருமண மண்டபத்திலும் உண்டியல் நீட்டினால் போடுகிறார்கள். கண்ணிவெடியின் பேரால், கால் இழந்த பிள்ளையின் படத்தைக் காட்டி நீட்டினால் இன்னும் வேகமாகப் போடுகிறார்கள். போடுமுன் கேட்க வேண்டியவை உண்டு. சங்கப் பதிவிலாகாவில் பதிந்த அமைப்பா? ரசீது உண்டா? வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவின்கீழ் அனுமதி பெற்றதா? பணம் வெடி எடுப்பதற்கா, செயற்கைக் காலுக்கா, எந்த மாவட்டத்தில், எந்த நிலையத்தின் வழியாக? உண்மையாக வேலை செய்யும் அமைப்புகள் எத்தனை சதுர மீட்டர் சுத்தம் செய்தோம், எத்தனை வெடி எடுத்தோம் என்று ஆண்டுதோறும் கணக்குக் காட்டுகின்றன. படத்தை மட்டும் காட்டி, ஊர்ப்பெயர் கேட்டால் தடுமாறுகிறவரிடம் பத்து ரிங்கிட்டையும் கொடுக்க வேண்டாம். அதை யாழ்ப்பாணத்து உறவினர் வழியாக நேரே அந்தச் செயற்கைக் கால் நிலையத்துக்கே அனுப்பிவிடலாம்.